விடையே தவறைக் காட்டும்: குவாண்டம் வேதியியல் படிப்பவர்களுக்குக் கணக்கு உதவி

ஒரு பெட்டிக்குள் ஓர் எலெக்ட்ரான், அடி நிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில். பெட்டியின் இடது கால் பாகத்துக்குள் அது இருக்க நிகழ்தகவு எவ்வளவு? 0.25-இலிருந்து 1/(2பை)-யைக் கழித்தால் 0.0908. உங்களுக்கு 0.2456 என்று வந்திருக்கிறதா? நோட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. கால்குலேட்டர் டிகிரியில் நிற்கிறது. ரேடியனுக்கு மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறைக்குச் சனிக்கிழமைகளில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி என்று பஸ் பிடித்து வருகிறவர்கள். முதல் நாள் பாதிப் பேர் சொல்வது, "எனக்குக் கணக்கு வராது சார்." களக்காட்டுப் பிள்ளை ஒருத்தி, ப்ளஸ் டூவில் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவள், "பத்தாம் வகுப்போட கணக்க விட்டுட்டேன் சார், இனிமே எங்க வரப்போகுது" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு கணக்கில் ஐந்து தப்பு. ஐந்திலும் ஒரே தப்பு: இரண்டாம் வகைக்கெழு என்ற இடத்தில் முதல் வகைக்கெழுவை எடுத்து வர்க்கப்படுத்தியிருந்தாள். இரண்டு தடவை வகையிட வேண்டும், வர்க்கப்படுத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, ஒரே ஒரு குறியீட்டின் பொருள் யாரும் சொல்லாமல் விட்டுப்போயிருந்தது.

அதனால்தான் இதைப் பாடவாரியாக எழுதாமல் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்த தப்பான விடை எது போல இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். சமன்பாடுகளைப் பலகை முன் நின்று வாயால் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு குறியீட்டில் எழுதிக்கொண்டே வந்தால் நன்றாகப் பிடிபடும்.

பெட்டிக்குள் துகள்: ஆற்றல் எதிர்க்குறியில் வருகிறது

பெட்டிக்குள் நிலை ஆற்றல் சுழி. இருப்பது இயக்க ஆற்றல் மட்டும். அது எதிர்க்குறியில் வர வழியே இல்லை.

ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் இரண்டாம் வகைக்கெழுவுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கிறது. சைன் சார்பை இரண்டு முறை வகையிட்டால் இன்னொரு கழித்தல் குறி வரும். இரண்டும் சேர்ந்தால் கூட்டல். ஒன்றைத் தவறவிட்டவர்களுக்குத்தான் எதிர்க்குறி வருகிறது. பெரும்பாலும் தொலைவது முன்னால் நிற்கும் குறிதான், அடுத்த வரிக்குப் போகும்போது அதை விட்டுவிடுகிறோம்.

குறி எதுவானாலும், சைன் மறைந்து கொசைன் வர்க்கம் வந்து நிற்கிறதென்றால், அது மேலே சொன்ன களக்காட்டுப் பிள்ளையின் தப்பு. இங்கே ஒரு சோதனையை மனதில் வையுங்கள். ஆப்பரேட்டர் (சார்பின்மீது வேலை செய்யும் கட்டளை, இங்கே இரண்டு முறை வகையிடுவது) வேலை செய்து முடித்ததும் அதே சார்பு ஓர் எண்ணோடு திரும்பி வர வேண்டும். அந்த எண்தான் ஐகன் மதிப்பு. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூணைத் தட்டிக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு தூணுக்கும் அதற்குரிய சுரம். ஓங்கித் தட்டினால் ஒலி கூடுமே தவிர சுரம் மாறாது. அலைச்சார்பை (எலெக்ட்ரானின் நிலையைச் சொல்லும் சார்பு, இதன் வர்க்கம் நிகழ்தகவு அடர்த்தி) 2-ஆலோ 5-ஆலோ பெருக்கினாலும் ஐகன் மதிப்பு மாறாததும் அப்படித்தான். திரும்பி வந்தது வேறு சார்பாக இருந்தால், ஒன்று வகையிட்டது தப்பு, அல்லது நீங்கள் எடுத்தது ஐகன் சார்பே இல்லை.

ஆற்றலுக்கு எந்த மதிப்பு வேண்டுமானாலும் வரலாம் போலிருக்கிறது

எல்லை நிபந்தனையை இன்னும் போடவில்லை. நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். வில்லின் நாண் இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டியிருக்கிறது, கட்டிய இடம் அசையாது. அசையாத இரண்டு முனைகளுக்கு நடுவே முழு எண்ணிக்கையில் அரை அலைகள் மட்டுமே அடங்கும். பெட்டிக்குள் எலெக்ட்ரானின் அலைச்சார்பும் இரு சுவரிலும் சுழியாக வேண்டும் என்பதால்தான் குவாண்டம் எண் பிறக்கிறது. இடது சுவர் கொசைனை வெளியேற்றுகிறது. வலது சுவர் முழு எண்ணைக் கொண்டுவருகிறது. குவாண்டம் எண் சுழி ஏன் கூடாது என்று கேட்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்: அலைச்சார்பு எங்கும் சுழி, அதாவது பெட்டிக்குள் எலெக்ட்ரானே இல்லை.

விடை ஏறக்குறைய 40 மடங்கு கூடவோ குறையவோ வருகிறது

1 நானோமீட்டர் பெட்டியில் எலெக்ட்ரானின் அடி நிலை ஆற்றல் 0.376 எலெக்ட்ரான் வோல்ட். எச் என்பது பிளாங்க் மாறிலி, அதை 2பை-ஆல் வகுத்தது எச்-பார். 14.8 என்று வந்தால் எச்-பார் இருக்க வேண்டிய இடத்தில் எச் போட்டிருக்கிறீர்கள். 0.0095 வந்தால் எச் இருக்க வேண்டிய இடத்தில் எச்-பார். 4 × பை² என்பது 39.48, அந்த மடங்குதான் இது. ஒரே சூத்திரம் இரண்டு விதமாக எழுதப்படுகிறது: எச்² கீழே 8 × நிறை × நீளம்², அல்லது பை² × எச்-பார்² கீழே 2 × நிறை × நீளம்². ஒன்றின் தலையையும் மற்றதன் காலையும் சேர்த்துவிடாதீர்கள்.

ஜூலில் போட்டால் இதே விடை 6.02 × 10⁻²⁰. அவகாட்ரோ எண் எங்கிருந்து வந்தது என்று இரண்டு மூன்று பேர் திகைத்திருக்கிறார்கள். எங்கிருந்தும் வரவில்லை, தற்செயலான ஒற்றுமை. 1.602 × 10⁻¹⁹-ஆல் வகுத்து எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இயக்க ஆற்றலின் சராசரி சுழி என்று வருகிறது

அலைச்சார்பை முதலிலேயே வர்க்கப்படுத்தும் தப்பு இது. இருப்பிடத்தின் சராசரியைக் கணக்கிடும்போது வெளியே தெரியாது. அங்கே ஆப்பரேட்டர் வெறும் பெருக்கல், அலைச்சார்பை முதலில் வர்க்கப்படுத்திவிட்டுப் பெருக்கினாலும் சரியான விடையே வரும். அதே பழக்கத்தில் இயக்க ஆற்றலுக்கும் போய், வர்க்கத்தை எழுதிவிட்டு அதை இரண்டு முறை வகையிட்டால், தொகையிட்டதும் எல்லாம் சுவர்களில் போய் நின்று சுழியாகிவிடும். பெட்டியின் எந்த நிலைக்கும் இப்படிச் சுழிதான் வரும்.

ஆப்பரேட்டரின் இடம் நடுவில். அதன் இடப்பக்கம் அலைச்சார்பின் இணைக் கலப்பெண், வலப்பக்கம் அலைச்சார்பு. ஆப்பரேட்டர் வலப்பக்கம் இருப்பதில் மட்டும் வேலை செய்யும். அது வேலையை முடிக்கும்வரை இடப்பக்கத்தைத் தொடக் கூடாது.

இணைக் கலப்பெண்ணை மறந்தால் வேறு அறிகுறி. வட்டப் பாதையில் சுற்றும் துகளுக்கு அலைச்சார்பு அடுக்குக்குறிச் சார்பு, அடுக்கில் கற்பனை எண். அதை அதனாலேயே பெருக்கி ஒரு சுற்று தொகையிட்டால் சுழி வரும். சுழியை வைத்துக்கொண்டு நார்மலைஸ் செய்ய (மொத்த நிகழ்தகவை 1 ஆக்க) முடியாமல் கணக்கு அப்படியே நின்றுவிடும். இணையெண்ணால் பெருக்குங்கள்: அடுக்குகள் கழிந்து 1 ஆகி, தொகை 2பை. மாறிலி 1/√(2பை). பொதுவாக, அளக்கக் கூடிய ஒரு அளவின் சராசரியில் கற்பனை எண் மிஞ்சி நின்றால் விடை தப்பு. அதை அழித்துவிட்டு மேலே போகாதீர்கள், திரும்பிப் பாருங்கள்.

ஹைட்ரஜன்: நார்மலைசேஷன் மாறிலி ஒத்துவரவில்லை

சனிக்கிழமைகளில் அதிக நேரம் எடுக்கும் இடம் இதுதான். நிதானமாகப் போவோம்.

1எஸ் ஆர்பிட்டால், அதாவது ஹைட்ரஜனின் அடி நிலை அலைச்சார்பு, அடுக்குக்குறியாகத் தேயும் சார்பு: மையத்திலிருந்து தூரத்தைப் போர் ஆரத்தால் (0.529 ஆங்ஸ்ட்ராம்) வகுத்து, கழித்தல் குறியோடு அடுக்கில் வைத்தது. மாறிலியின் வர்க்கம் 1 கீழே பை × போர் ஆரம்³ என்று வர வேண்டும். வராவிட்டால் உங்கள் விடையைக் கீழே தேடுங்கள்.

கீழே 2பை × போர் ஆரம் என்று, கனம் இல்லாமல் வெறும் ஆரம் வந்தால், தூரத்தின் வர்க்கத்தை விட்டுவிட்டீர்கள். எண்ணைப் பார்க்கும் முன்பே அலகு இதைச் சொல்லிவிடும். அலைச்சார்பின் வர்க்கத்தைக் கன அளவால் பெருக்கினால் அலகில்லாத எண், அதாவது நிகழ்தகவு, வர வேண்டும். அப்படியென்றால் மாறிலியின் வர்க்கத்துக்கு 1/கன அளவு என்ற அலகு இருந்தே தீர வேண்டும்.

கீழே 8பை என்று வந்தால், அலைச்சார்பை வர்க்கப்படுத்தும்போது அடுக்கை இரண்டால் பெருக்க மறந்தீர்கள்.

பை² வந்தால், கன அளவுக் கூறில் சைன் தீட்டாவை விட்டுவிட்டீர்கள். கோண வேலை முழுவதற்கும் 4பை வர வேண்டும், உங்களுக்கு 2பை² வந்திருக்கும்.

எல்லாமே சுழியானால், தீட்டாவை 0 முதல் 2பை வரை ஓட்டியிருக்கிறீர்கள். தீட்டா வட துருவத்திலிருந்து தென் துருவம் வரைதான் போகும், பை-யோடு சரி. முழுச் சுற்று சுற்றுவது ஃபை. இரண்டையும் 2பை வரை ஓட்டினால் உருண்டையை இரண்டு தடவை எண்ணுவதாகும், அதிலும் இரண்டாம் தடவை எதிர்க்குறியோடு.

தொகையீட்டுக்கு ஒரே ஒரு சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் ஹைட்ரஜன் கணக்குகளில் பெரும்பங்கு முடிந்துவிடும். தூரத்தின் என்-ஆம் அடுக்கை, பி என்ற விகிதத்தில் தேயும் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கி 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால், என்-இன் தொடர் பெருக்கம் (1 முதல் என் வரை பெருக்கியது) கீழே பி-யின் (என் + 1)-ஆம் அடுக்கு. பகுதித் தொகையிடலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்து பக்கம் பக்கமாக எழுதி நடுவில் குறி மாறிப் போகிற பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு தடவை நீங்களே நிறுவிப் பாருங்கள், அப்புறம் உரிமையோடு பயன்படுத்துங்கள்.

இதோடு ஒட்டிய குழப்பம் ஒன்று. "அலைச்சார்பின் வர்க்கம் அணுக்கருவில்தானே மிக அதிகம், அப்புறம் எலெக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள தூரம் 0.529 ஆங்ஸ்ட்ராம் என்று ஏன் சொல்கிறார்கள்?" இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரு புள்ளியில் எவ்வளவு அடர்த்தி என்பது ஒன்று, மையத்திலிருந்து இந்தத் தூரத்தில் மொத்தம் எவ்வளவு என்பது இன்னொன்று. வெங்காயத்தை உரித்துப் பாருங்கள். நடுவில் உள்ள அடுக்கு சின்னது, வெளியே போகப் போக அடுக்கின் பரப்பு தூரத்தின் வர்க்கமாகப் பெருகும். அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது, பரப்பு கூடிக்கொண்டே போகிறது. இரண்டின் பெருக்கற்பலன் உச்சம் தொடும் இடம்தான் போர் ஆரம். சராசரி தூரம் அதைப்போல் ஒன்றரை மடங்கு. அடுக்குக்குறிச் சார்பின் வால் நீண்டு கிடப்பதால் சராசரி வெளியே இழுபடுகிறது. கேட்பது உச்சமா சராசரியா என்று வினாத்தாளில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரு ஆப்பரேட்டர்களின் வரிசையை மாற்றினால் என்ன வரும் என்ற கணக்கு

எக்ஸால் பெருக்குவதும் எக்ஸைப் பொறுத்து வகையிடுவதும்: இந்த இரண்டின் கம்யூட்டேட்டர் (ஒரு வரிசையில் செய்ததிலிருந்து வரிசையை மாற்றிச் செய்ததைக் கழித்தது) −1. உங்களுக்குச் சுழி வந்தால் ஆப்பரேட்டர்களை எண்கள்போல் நடத்தியிருக்கிறீர்கள். வகையிடும் ஆப்பரேட்டர் விடையில் மிஞ்சி நின்றால், வலது கோடியில் ஒரு சார்பை வைக்காமல் வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள். எந்தச் சார்பானாலும் சரி, ஒன்றை எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். வகைக்கெழு எக்ஸையும் சார்பையும் சேர்த்துச் சந்திக்கும்போது பெருக்கல் விதிப்படி இரண்டு உறுப்புகள் வரும், ஒன்று கழிந்து போகும், மற்றது நிற்கும். கடைசியில் சார்பை எடுத்துவிடலாம்.

ஹக்கல்: அணிக்கோவையை விரித்தேன், மூலங்கள் சரியா தெரியவில்லை

1931-இல் ஜெர்மன் அறிஞர் எரிக் ஹக்கல் பென்சீனுக்குப் போட்ட கணக்கு இன்றும் காகிதமும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடியது. ஒரு மூலக்கூறின் எலெக்ட்ரான் அமைப்பை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடிகிறதே என்ற மகிழ்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

பியூட்டாடையீனை எடுத்துக்கொள்வோம். நான்கு கார்பன், மூன்று பிணைப்பு. கார்பனுக்கு ஒரு வரிசை என்று அணிக்கோவை எழுதுங்கள்: மூலைவிட்டத்தில் எக்ஸ் (ஆற்றலைக் குறிக்கும் தெரியாத எண்), பிணைப்புள்ள இடங்களில் 1, மற்ற இடங்களில் 0. விரித்தால் எக்ஸ்⁴ − 3எக்ஸ்² + 1 = 0. மூலங்கள் ±1.618, ±0.618. பொன் விகிதம் ஒரு ஹைட்ரோகார்பனுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் மூலங்களைச் சோதிக்க இரண்டு வழி. முதலாவது, எல்லாவற்றையும் கூட்டினால் சுழி வர வேண்டும். இது பலருக்கும் தெரியும். ஆனால் ± ஜோடியாக எழுதிப் பழகியவர்களுக்குத் தப்பான மூலங்களும் கூட்டினால் சுழிதான், அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. இரண்டாவது சோதனை அதைவிடக் கூர்மையானது: மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பிணைப்புகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு வர வேண்டும். பியூட்டாடையீனுக்கு 2.618 + 2.618 + 0.382 + 0.382 = 6. பிணைப்பு மூன்று, சரி. பென்சீனுக்கு மூலங்கள் ±2, அப்புறம் +1 இரண்டு, −1 இரண்டு. வர்க்கங்களின் கூட்டல் 12. பிணைப்பு ஆறு, சரி. காரணமும் எளிது. ஒவ்வொரு பிணைப்பும் அணியில் இரண்டு இடத்தில் 1 ஆக உட்கார்கிறது. அணியை அதனாலேயே பெருக்கி மூலைவிட்டத்தைக் கூட்டினால் அந்த 1-கள்தான் எண்ணப்படுகின்றன.

பியூட்டாடையீனுக்கு 2, 0, 0, −2 என்று வந்தால், வர்க்கங்களின் கூட்டல் 8. அதாவது உங்கள் அணியில் நான்கு பிணைப்பு இருக்கிறது. வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் 1 போட்டுச் சங்கிலியின் இரு நுனியையும் முடிந்துவிட்டீர்கள். நீங்கள் தீர்த்தது சைக்ளோபியூட்டாடையீன்.

மூலங்கள் சரி, ஆனால் ஆற்றல் வரிசை தலைகீழாக இருக்கிறதென்றால் பீட்டாவின் குறியைப் பாருங்கள். ஆல்ஃபா ஒரு கார்பனில் இருக்கும் எலெக்ட்ரானின் ஆற்றல், பீட்டா பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களின் பிணைப்பால் வரும் ஆற்றல், அது எதிர்க்குறி எண். ஆல்ஃபா + 1.618 பீட்டாதான் அடி நிலை. நான்கு எலெக்ட்ரான்களையும் கீழிருந்து நிரப்பினால் 4 ஆல்ஃபா + 4.472 பீட்டா. தனித்தனி எத்திலீன் இரண்டுக்கு 4 ஆல்ஃபா + 4 பீட்டா. வித்தியாசம் 0.472 பீட்டா, அந்த அளவு கூடுதல் நிலைப்பு. கெழுக்கள் 0.372, 0.602, 0.602, 0.372. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி 1 வருகிறதா என்று பார்க்காமல் நோட்டை மூடாதீர்கள்.

மாறுபாட்டு முறையில் உண்மை ஆற்றலைவிடக் குறைவாக வருகிறது

மாறுபாட்டு முறையில் ஊகித்த ஒரு சோதனைச் சார்பை வைத்து அடி நிலை ஆற்றலைக் கணிக்கிறோம், அது உண்மையைவிடக் குறைவாக வரவே வராது. எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது. பெட்டிக்கு எக்ஸ் × (நீளம் − எக்ஸ்) என்ற சோதனைச் சார்பை எடுத்தால், உண்மை விடையில் பை² (9.8696) இருக்கும் இடத்தில் உங்களுக்கு 10 வர வேண்டும். 1.3 சதவீதம் மேலே. 10-க்குப் பதிலாக வேறு ஏதாவது வந்து, கூடவே நீளத்தின் விசித்திரமான அடுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தால், கீழே வகுக்க வேண்டிய தொகையீட்டை (நீளம்⁵/30) விட்டுவிட்டீர்கள்.

கணக்கு எல்லாம் சரி, ஆய்வகத்தோடு ஒத்துவரவில்லை

இந்தக் கடைசி அறிகுறிதான் நல்ல மாணவர்களை அதிகம் வாட்டுகிறது.

நம் பக்கத்துப் பனம்பழத்தின் சதைக்கு ஆரஞ்சு நிறம் தருபவை கரோட்டினாய்டு நிறமிகள். அந்தக் குடும்பத்தின் பீட்டா கரோட்டினில் ஒன்றுவிட்டு ஒன்றாக 11 இரட்டைப் பிணைப்புகள், 22 பை எலெக்ட்ரான்கள். பெட்டிக் கணக்குப்படி 11 நிலைகள் நிரம்பியிருக்கும், ஒளியை உறிஞ்சும் எலெக்ட்ரான் 11-இலிருந்து 12-க்குத் தாவும். 12² − 11² = 23. (இங்கே வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்தி 1 என்று போடுகிறவர்கள் உண்டு. வர்க்கப்படுத்திவிட்டுக் கழியுங்கள்.) 21 பிணைப்பு, ஒன்றுக்கு 0.14 நானோமீட்டர் என்றால் பெட்டியின் நீளம் 2.94 நானோமீட்டர். 0.376-ஐ 23-ஆல் பெருக்கி 2.94²-ஆல் வகுத்தால் 1.00 எலெக்ட்ரான் வோல்ட், அலைநீளம் ஏறக்குறைய 1240 நானோமீட்டர். அது அகச்சிவப்பு. அப்படியானால் இந்த நிறமிக்கு நிறமே இருக்கக் கூடாது. ஆனால் பீட்டா கரோட்டின் உண்மையில் உறிஞ்சுவது 450 நானோமீட்டர் பக்கம், நீலத்தில். அதனால்தான் நம் கண்ணுக்கு ஆரஞ்சு.

நாங்குநேரிப் பையன் ஒருவன் இந்த 1240-ஐ நான்கு முறை அழித்து அழித்து எழுதியிருந்தான். தாள் கிழிந்துவிட்டது. அவன் கணக்கில் ஒரு புள்ளிகூடத் தப்பு இல்லை. பெட்டி மாதிரி எல்லாப் பிணைப்பும் ஒரே நீளம் என்று எடுத்துக்கொள்கிறது. நீண்ட பாலியீன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு குட்டையாகவும் ஒற்றைப் பிணைப்பு நீளமாகவும் மாறி மாறி நிற்கின்றன. எலெக்ட்ரானுக்குப் பெட்டியின் தரை சமதளமாக இல்லை, மேடும் பள்ளமும் மாறி மாறி வருகிறது. நிரம்பிய மேல் நிலைக்கும் காலியான கீழ் நிலைக்கும் நடுவே அதனால் கூடுதலாக ஓர் இடைவெளி விழுகிறது. 1940-களின் இறுதியில் வேதியியலாளர் ஹான்ஸ் கூன் இந்த மேடுபள்ளத்தைச் சேர்த்துத்தான் பாலியீன்களுக்குக் கணக்கைச் சரிசெய்தார்.

ஆகவே அழிப்பதற்கு முன் மேலே உள்ள சோதனைகளைப் போடுங்கள்: அலகு, குறி, எச்-பார், எல்லைகள், கால்குலேட்டர். எல்லாம் சரியென்றால் விடையை அப்படியே வைத்துவிட்டு, அதன் கீழே மாதிரி எதை விட்டுவிட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்தப் பையனிடம் அதைத்தான் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தான்.